தேக்கா என்று கேட்கிறோம், காய்ந்ததா என்று கேட்பதில்லை

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்தால் போதும், எங்கள் வீட்டு வாசல் கதவு மக்கர் செய்ய ஆரம்பித்துவிடும். தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். மூடினால் தாழ்ப்பாள் சேராது. தேக்குக் கதவு, மாட்டி நாலு வருடம்கூட ஆகவில்லை. போன மழைக்காலத்தில் பொறுமை போய், தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியைக் கூட்டிவந்து, ஓரத்தை இழைப்புளியால் ரெண்டு சீவு சீவிவிடச் சொன்னேன். வயதானவர். கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தார், மேல் மூலையை விரலால் தடவினார். பையிலிருந்து இழைப்புளியை எடுக்கவே இல்லை.

"இப்ப சீவுனா மாசியில பூனை பூந்து போற அளவுக்கு சந்து வுடும் சார். தை பொறக்கட்டும், அதுவா சரியாவும். அப்பால கூப்புடுங்க, என்னா செய்யணுமோ செஞ்சு குடுக்கறேன்."

டீ மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் ஆளை அன்றுதான் பார்த்தேன். அந்தக் கடுப்பில்தான் மரத்தைப் பற்றி விசாரிக்கவும் படிக்கவும் ஆரம்பித்தேன். விசாரிக்க விசாரிக்க ஒன்று தெளிவானது: சென்னையில் நாம் மரத்தைப் பெயரைக் கேட்டு வாங்குகிறோம். தேக்கா? பர்மாவா, நைஜீரியாவா, கானாவா? கோங்கா, வேங்கையா? விலையும் அந்தப் பெயரை ஒட்டியே ஏறி இறங்குகிறது. ஆனால் அந்தக் கட்டை உங்கள் வீட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் பாதிக்கு மேல், மரம் சாய்ந்த பிறகுதான் முடிவாகிறது. எப்படி அறுத்தார்கள், எவ்வளவு காய்ந்தது, எப்படிக் கோத்துப் பூச்சுப் பூசினார்கள் என்பதில்.

முதலில் கட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். தேக்கு அடிமரத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் பழுப்பாக ஒரு வட்டம், அதைச் சுற்றி வெளுத்த வளையம் ஒன்று தெரியும். வெளுத்தது வெளிறு, மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிய பகுதி. உள்ளே இருப்பது வைரம். தண்ணீர் ஏற்றும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பழைய வெளிறுதான் வைரமாகிறது. எண்ணெயும் பிசினும் பூச்சிக்கு ஆகாத சில சரக்குகளும் அதில் படிந்துவிடுகின்றன. 'வைரம் பாய்ந்த கட்டை' என்று திடமான கிழவரைச் சொல்கிறோமே, அது இந்த வைரம்தான். கரையான் தேக்கைத் தொடாது என்பார்கள். வைரத்தை லேசில் தொடாது என்பதுதான் சரி. தேக்கின் வெளிறை வேறு எந்த மரத்தின் வெளிறையும் போல ருசித்துச் சாப்பிடும்.

தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களை இந்தக் கணக்கில்தான் பிரிக்கிறது. உள்ளே வயிரம் உள்ளது மரம், வெளியே வயிரம் உள்ளது புல். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்தான். கவிதைக்காகச் சொன்னதில்லை, பனையைப் பிளந்து வாரை எடுப்பவர் இன்றும் வெளிச்சுற்றை வைத்துக்கொண்டு நடுச்சோற்றைக் கழித்துவிடுகிறார், தேக்கு அறுப்பவர் வெளிச்சுற்றைக் கழித்துவிட்டு நடுவை எடுக்கிறார்.

இனி ஈரம். விஷயமே இதில்தான் இருக்கிறது.

துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டால் முதலில் சொட்டுச் சொட்டாக வடியும். சொட்டுவது நின்ற பிறகும் வேட்டி ஈரமாகத்தான் இருக்கும். அந்த ஈரம் நூலுக்குள் இருப்பது. மரமும் அப்படித்தான். நுண்குழாய்களில் நிற்கும் தண்ணீர் முதலில் போகும். அது போகும்வரை கட்டையின் எடை குறையுமே தவிர அளவு மாறாது. காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால் ஈரம் 28 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும்போது குழாய்கள் காலி. அதன் பிறகு குழாய்ச் சுவருக்குள் ஊறியிருக்கும் ஈரம் வெளியேறத் தொடங்கும். அங்கேதான் மரம் சுருங்க ஆரம்பிக்கிறது.

சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. நீளவாக்கில் மரம் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில், முழு ஈரத்திலிருந்து முழுக்கக் காய்ந்த நிலைக்குப் போனால், தேக்கு சுமார் 2.5 சதவீதம் சுருங்கும். வருட வளையங்களை ஒட்டிய திசையில் 5.8 சதவீதம். அதாவது இரண்டு மடங்குக்கு மேல். பலகை கோணுவதும் கிண்ணம் போல் வளைவதும் உருட்டுக்கட்டை வெடிப்பதும் இந்த ஏற்றத்தாழ்வால்தான். இத்தனைக்கும் தேக்கு சாது. மற்ற பல மரங்கள் இதைவிட அதிகமாக ஆடும்.

மரம் ஒருமுறை காய்ந்துவிட்டால் கதை முடிந்தது என்றும் இல்லை. சுற்றியிருக்கும் காற்றோடு அது கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதே இல்லை. சென்னையின் வறண்ட வெயில் மாதங்களில் 12 சதவீதத்துக்கு இறங்கும் கட்டை, ஐப்பசி கார்த்திகையில் 16-ஐத் தொட்டுவிடும். நாலு சதவீதம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வளையத்தை ஒட்டி அறுத்த தேக்குப் பலகை, ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் அகலத்தில் ஏறத்தாழ 0.2 சதவீதம் உப்பும். மூன்றடி அகலக் கதவை வெறும் பலகைகளை அடுக்கிச் செய்திருந்தால் 7 மில்லிமீட்டர் பெருத்துவிடும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே நாம் விடும் சந்தோ 3 மில்லிமீட்டர்தான்.

இந்தத் தொல்லைக்குப் பழைய தச்சர்கள் கண்ட விடைதான் சட்டமும் பலகையுமாகச் செய்யும் கதவு. இரண்டு பக்கமும் நெட்டுக்கு நிற்கும் சட்டங்கள் ஐந்து அங்குலம், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், நடுவே காடி, அதாவது நீளவாக்கில் ஒரு பள்ளம், எடுத்து அதில் செருகிய பலகைகள். குறுக்குச் சட்டம் அதன் நீளவாக்கில் கிடப்பதால் உப்பாது. பலகை உப்பினால் காடிக்குள் ஒதுங்கிக்கொள்ளும். உப்புவது இரண்டு நெட்டுச் சட்டங்கள் மட்டும். சேர்த்து 2 மில்லிமீட்டர். கதவு தப்பிக்கிறது. அழகுக்காகக் கட்டம் கட்டமாகச் செய்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றே ஒன்றுதான் இதில் கவனம்: காடிக்குள் பலகையைப் பசை போட்டு ஒட்டக்கூடாது, ஆணி அறையக்கூடாது. 'கடகடன்னு ஆடுதே' என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார் என்று பயந்து புதுப் பையன்கள் ஒட்டிவிடுகிறார்கள். அடுத்த கோடையில் பலகை நடுவில் நேர்க்கோடாக வெடிக்கிறது.

எங்கள் கதவும் சட்டமும் பலகையுமானதுதான். அப்படியும் ஏன் சிக்கியது? அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பர்மாவிலிருந்து சென்னைக்கு வந்தது அத்தோ நூடுல்ஸ் மட்டுமில்லை. பழைய மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் வீடுகளில் தலைக்கு மேலே பாருங்கள்: வரிசையாக உத்தரம், அதன்மேல் சன்னமான செங்கல்லைக் குத்திட்டு மூலைவாக்கில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. அந்த உத்தரங்களில் பல பர்மா தேக்கு. நூறு வருடம் கழித்து இடிக்கும்போதும் அந்தக் கட்டைகள் புதிதாக அறுக்கிற பதத்தில் இருக்கின்றன. 'பர்மா தேக்கு மாதிரி வராது' என்ற பேச்சு அங்கிருந்து வந்தது.

அந்தப் பெருமைக்கு மண்ணும் மழையும் மட்டும் காரணமில்லை. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. பர்மாவிலோ ஆற்றில் மிதக்கவிட்டுத்தான் கட்டையைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர முடியும். அதனால் வெட்டுவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னாலேயே அடிமரத்தைச் சுற்றி, பட்டையும் வெளிறும் அறுபட, வளையமாக வெட்டிவிடுவார்கள். தண்ணீர் ஏறாமல் மரம் நின்ற நிலையிலேயே பட்டுக் காயும். பிறகு சாய்த்து, யானை இழுத்து ஓடைக்கரையில் போட்டு, வெள்ளம் வரக் காத்திருந்து, ஐராவதியில் தெப்பமாகக் கட்டி ரங்கூன் சேர்த்து, அங்கிருந்து கப்பல். மெட்ராஸில் அறுவைக்கு வரும்போது அந்த மரம் சாகத் தொடங்கிப் பல வருடம் ஆகியிருக்கும். போக்குவரத்துக்காகச் செய்த காரியம், இலவசமாக மரத்தைப் பதப்படுத்திவிட்டது. பர்மா தேக்கின் பேரில் ஒரு நல்ல பங்கு இந்தக் காத்திருப்புக்குச் சேர வேண்டியது என்பது என் கட்சி.

இன்று அந்த வழி அடைபட்டுவிட்டது. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் உருட்டுக்கட்டை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. இங்கேயும் 1996 டிசம்பரில் கோதாவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு காட்டு மரம் வெட்டுவது கெடுபிடியாகிவிட்டது. ஆக, இப்போது 'தேக்கு' என்று கடையில் கிடப்பதில் பெரும்பகுதி, கன்டெய்னரில் ஏறி வந்த தோட்டத் தேக்கு: கானா, நைஜீரியா, பெனின், ஈக்வடார், கோஸ்டாரிகா, பனாமா. தோட்டத் தேக்கு என்றாலே மட்டம் என்று ஒதுக்கவும் வேண்டாம். உலகின் பழைய தேக்குத் தோட்டமே நமக்குப் பக்கத்தில், கேரளத்து நிலம்பூரில் இருக்கிறது. மலபார் கலெக்டராக இருந்த கொனொலி காலத்தில், 1840களில் நட்டது. தேக்கைப் பொறுத்தவரை வேகமாக வளர்ந்ததாலேயே பலம் போய்விடாது. பிரச்சினை வேறு: 20 வருடத்தில் வெட்டிய மரத்தில் வெளிறு அதிகம், வைரம் குறைவு. அப்புறம், அதற்கு ஐராவதிக் காத்திருப்பு கிடையாது. சாய்த்த சில மாதத்தில் செங்குன்றம் குடோனில் இருக்கிறது.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 'ஆப்பிரிக்கத் தேக்கு' என்று சொன்னால் இரண்டு அர்த்தம் உண்டு. ஆப்பிரிக்காவில் நட்டு வளர்த்த அசல் தேக்காக இருக்கலாம். தேக்குக்குச் சொந்தமே இல்லாத இரோகோ போன்ற வேறு மரமாகவும் இருக்கலாம். இரோகோ நல்ல மரம்தான். தேக்கு விலை கொடுத்து வாங்கும்போதுதான் வயிறு எரியும். புதிதாக இழைத்த அசல் தேக்கை மூக்கருகே கொண்டுபோனால் பழைய தோல் செருப்பின் வாசனை போல ஒன்று வரும், விரலில் லேசாக மெழுகுத்தன்மை ஒட்டும். அதற்காக மூக்கை மட்டும் நம்பி லட்சம் ரூபாய்க்கு வாங்காதீர்கள்.

சரி, கடைக்குப் போவோம். சைடன்ஹாம்ஸ் ரோட்டிலோ வால்டாக்ஸ் ரோட்டிலோ மரக்கடை வாசலில் உருட்டுக்கட்டைகள் கிடக்கும். வெட்டுமுகத்தில் பெயின்ட்டோ மெழுகோ பூசியிருப்பார்கள். அடையாளத்துக்கு மட்டுமில்லை, வெட்டுமுகம் வழியாகத்தான் ஈரம் மிக வேகமாகப் போகும், அங்கே முதலில் காய்ந்தால் அங்கேதான் வெடிக்கும் என்பதற்காக. அளவு கன அடியில். உருட்டுக்கட்டைக்குக் கணக்கு இப்படி: சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 48 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 12 அங்குலத்துக்கு 12 அங்குலம், 10 அடி. ஆக 10 கன அடி. பள்ளிக்கூடக் கணக்குப்படி அந்த உருளையின் உண்மையான கன அளவு 12.7. மீதி 2.7 எங்கே? உருண்டையைச் சதுரமாக்கும்போது ரம்பத்துக்குப் போகும் சேதாரம் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே தள்ளிவிட்ட கழிவு அது. அறுத்த சட்டத்துக்கு நேர்க்கணக்கு: அகலம் அங்குலத்தில், பெருக்கல் தடிமன் அங்குலத்தில், பெருக்கல் நீளம் அடியில், வகுத்தல் 144. ஐந்துக்கு மூன்று வாசக்கால் கட்டை ஏழடி என்றால் 0.73 கன அடி. இந்தக் கணக்கு தெரிந்தவர் போல் மெதுவாக முணுமுணுத்தாலே கடைக்காரர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

அறுப்பதில் இரண்டு வழி. கட்டையை ரொட்டி போலத் தொடர்ந்து சீவிக்கொண்டே போவது ஒன்று. சேதாரம் குறைவு, பலகை அகலமாகக் கிடைக்கும், மேல்பரப்பில் மலை மலையாக ரேகை எழும்பி அழகாக இருக்கும். சென்னையில் ஏறக்குறைய எல்லா மில்லிலும் இதுதான். இன்னொன்று, கட்டையை முதலில் நாலாகப் பிளந்து, மையத்திலிருந்து பட்டையை நோக்கி ரம்பத்தை விடுவது. ரேகை நேர்க்கோடுகளாக வரும். அகலவாக்கில் பாதிதான் ஆடும், வளையாது. ஆனால் சேதாரம் அதிகம், வேலை அதிகம், கேட்டால் 'அதெல்லாம் கட்டுப்படியாகாது சார்' என்பார்கள். ஒரு சமரசம் உண்டு: கிடக்கும் பலகைகளில் வெட்டுமுகத்தைப் பார்த்து, வளையக் கோடுகள் பலகைக்குச் செங்குத்தாக நிற்பவற்றைப் பொறுக்கி எடுத்து, கதவின் நெட்டுச் சட்டத்துக்கு ஒதுக்கச் சொல்லலாம். கூடுதல் காசு கிடையாது. பொறுக்கவிட்டால்.

தேக்கில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் ரம்பப் பல் சீக்கிரம் மழுங்கும். கீழே குவியும் மரத்தூளுக்கும் விலை உண்டு. ஒரு காலத்தில் மரத்தூள் அடுப்புக்குப் போனது, இப்போது சாயம் ஏற்றிக் கலர் கோலப்பொடியாக வருகிறது.

அடுத்தது காயவைப்பது. அறுத்த பலகைகளைத் தரையிலிருந்து தூக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஒரே கனமுள்ள குச்சிகளை ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று வரும்படி வைத்து, வெயில் நேராகப் படாமல் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். குச்சி இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் அது காய்வதில்லை, பூஞ்சை பிடிக்கிறது. அவசரத்துக்குச் சூளை இருக்கிறது. நீராவியை விட்டு ஈரத்தையும் சூட்டையும் படிப்படியாக மாற்றி, ஓர் அங்குலத் தேக்குப் பலகையைப் பத்துப் பதினைந்து நாளில் இறக்கிவிடலாம். கனம் இரட்டிப்பானால் நாள் இரண்டு மடங்குக்கு மேல் போகும். அதனால் மூன்று அங்குல வாசக்கால் கட்டைகள் பெரும்பாலும் சூளையைப் பார்ப்பதே இல்லை. சூளையிலும் அவசரப்பட்டால், எண்ணெய் காய்ந்துபோய்ப் போட்ட வடை கதைதான்: மேலே சிவந்திருக்கும், உள்ளே மாவு. மேல்தோல் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் நிற்க, பிறகு பிளந்து இழைக்கும்போது பலகை வில்லாக வளையும்.

என் கதவுக்கு மரம் வாங்கிய கடையில் 'ரெண்டு மாசமா கடையிலேயே கெடக்குது சார், எலும்பு மாதிரி காஞ்சிருக்கு' என்றார்கள். நம்பினேன். சோதித்துப் பார்க்க, கதவு செய்து மிஞ்சிய துண்டுகளையாவது வீட்டில் வைத்திருந்தேனா? இல்லை. பிறகு ஒரு புத்தக அலமாரிக்காக அதே போன்றதொரு கடையில் மரம் எடுத்தபோது உஷாராகிவிட்டேன். சட்டத்தின் நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளி, விரல் கனத்துக்கு ஒரு வில்லையை அறுத்து வாங்கினேன். நுனியிலேயே அறுத்தால் அது ஏற்கனவே காய்ந்திருக்கும், பொய் சொல்லும். சமையலறைத் தராசில் 61 கிராம். கேக் செய்யும் ஓவனில் நூறு டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, மணிக்கொரு தரம் நிறுத்தேன். வீடெல்லாம் தச்சுப்பட்டறை வாசனை. ராத்திரி 50 கிராமில் நின்றுவிட்டது, அதற்குமேல் இறங்கவில்லை. போனது 11 கிராம். 50-க்கு 11 என்றால் 22 சதவீதம். எலும்பு மாதிரிக் காய்ந்ததாம்! சட்டங்களை மாடி அறையில் குச்சி வைத்து அடுக்கி ஐந்து மாதம் விட்டேன். இரண்டு முள்ளைக் குத்திப் பார்க்கும் ஈரமானி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீடு கட்டுகிறவர் ஒன்று வாங்கிவைத்துக்கொள்வது தப்பில்லை.

காய்ந்த மரத்தின் அருமை வாத்தியக்காரர்களுக்குத் தெரியும். நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் செய்வது. நாதஸ்வரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டையில் அதற்குப் புது மரம் தேடுவதில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் உத்தரத்தையும் தூணையும் தேடிப் போகிறார்கள். பல தலைமுறை காய்ந்த கட்டை அதற்குமேல் கோணாது, சுருதி நிற்கும். மார்கழியில் சபாக்களில் கேட்கும் மிருதங்கமும் வீணையும் பலா. நம் கடற்கரையில் கட்டுமரம் ஓட்டியவர்களுக்கும் இது பாடம் படிக்காமலே தெரியும். கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனத்துப்போய்த் தாழும்.

மற்ற மரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேங்கை உறுதியில் தேக்குக்குச் சளைத்ததில்லை, ஆனால் நனைந்தால் சாயம் விடும். சர்க்கரைக்கு நல்லது என்று விற்கும் வேங்கைமரக் குவளையில் தண்ணீர் பழுப்பாவது அதனால்தான். சுண்ணாம்புச் சுவரில் அந்தச் சாயம் இறங்கினால் கஷ்டம். கோங்கும், சால் என்ற பெயரில் வரும் மலேசிய மரங்களும் கனமானவை, நிலைக்கு ஆகும், கதவுக்கு எடை அதிகம். வேம்பு கரையானுக்குக் கசக்கும். மா மலிவு, உளுத்துப்போகும். சவுக்கைப் பலகையாக்க நினைக்காதீர்கள், வெடித்துத் தள்ளும். சென்னைக் கடலோரத்தில் அது பரவியது ரயில் இன்ஜினுக்கு விறகாக, இன்று சாரம் கட்டவும் காகிதக் கூழுக்கும் போகிறது.

ரப்பர் மரத்தின் கதை மட்டும் தனி. பால் வடித்து 25, 30 வருடம் கழிந்து வெட்டினால் அது வெறும் விறகு. மாவுச்சத்து நிறைந்த மரம். வெட்டிய சில நாளில் நீலம் பூத்து, வண்டு துளைத்து, தூளாகக் கொட்டும். வெட்டிய கையோடு அறுத்து, தொட்டியில் அடைத்து அழுத்தத்தில் போரான் உப்பு ஏற்றி, சூளையில் காயவைத்தால் அதுவே கடையில் பளபளக்கும் டைனிங் டேபிள். அதே மரம்தான்.

பிளைவுட் என்பதும் ஆட்டத்தை அடக்கும் ஒரு தந்திரம். சன்னத் தகடுகளை ஒன்றுக்குக் குறுக்கே ஒன்றாக, ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஒட்டுகிறார்கள். ஒரு தகடு அகலத்தில் உப்ப நினைத்தால் மேலேயும் கீழேயும் இருக்கும் தகடுகள் நீளவாக்கில் பிடித்துக்கொள்கின்றன. பசைதான் தரம். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பலகையின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் விடக்கூடாது என்பது விதி. அடுப்படிக்கு அதுதான். அங்கேயும் வெட்டிய ஓரங்களை மூடாமல் விட்டால் வேலை கெட்டது.

கோப்பதற்கு வருவோம். சட்டத்தின் நுனியைச் செதுக்கி நாக்கு போல் நீட்டிய கழுந்து, எதிர்ச் சட்டத்தில் அதற்குத் துளை, ஊடே ஒரு மர ஆணி. ஸ்குரூவை விட இது ஏன் மேல் என்றால், இரண்டு பக்கமும் மரம், சேர்ந்தே ஆடும். தேக்கிலுள்ள எண்ணெய் பசையை ஒட்டவிடாது என்பதால் ஒட்டும் முகத்தை அப்போதுதான் இழைத்தோ தின்னர் துணியால் துடைத்தோ பசை தடவுவார்கள். வாசக்காலுக்கு நாம் செய்யும் கொடுமையைச் சொல்லியாக வேண்டும். நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானியம் போட்டு நிறுத்துகிறோம். அடுத்த நாள் இரண்டு பக்கமும் ஈரச் செங்கல்லும் கலவையும், அதற்குமேல் ஒரு வாரம் ஹோஸ் பைப்பில் தண்ணீர். சுவரை ஒட்டிய பக்கம் பூச்சு இல்லாமல் கிடந்தால் அத்தனையையும் அதுதான் குடிக்கும். நிறுத்துவதற்கு முன்னால் அந்தப் பக்கத்துக்கு இரண்டு கை, அதாவது இரண்டு முறை, பிரைமர் அடிக்க அரை மணி நேரம் போதும். கண்ணுக்குத் தெரியாத பக்கம் என்பதால் யாரும் அடிப்பதில்லை.

கடைசி வேலை பூச்சு. அதற்கு முன்னால் உப்புத்தாள்: 80, 120, 180, 220 என்று படிப்படியாக, ரேகையோடு. நடுவில் ஒரு படியைத் தாண்டினால் அப்போது தெரியாது, பாலிஷ் ஏறியதும் கீறல் எல்லாம் கூட்டமாக எழுந்து நிற்கும். பழைய வீட்டு ஊஞ்சல் பலகையில் மினுங்குவது பிரெஞ்சு பாலிஷ்; அரக்குப் பூச்சி மரக்கிளையில் கட்டும் அரக்கைச் சுத்தம் செய்து ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தால் பத்து இருபது முறை தேய்த்து ஏற்றுவது. அந்தப் பூச்சி விரும்பித் தங்கும் மரங்களில் ஒன்று புரசு. நம் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்ததாகச் சொல்வார்களே, அதே மரம். அந்த மினுக்கு வேறு எதிலும் வராது என்பேன், ஆனால் சுடு டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். மெலமைன் பாலிஷ் கெட்டி, வீட்டுக்குள் சரி. வெயிலும் சாரலும் படும் வாசல் கதவுக்கு வெளிப்புறத்துக்கென்றே வரும் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சுதான்.

மழைக்காலத்தில் பாலிஷ் வேலை வைக்காதீர்கள். ஸ்பிரிட்டும் தின்னரும் ஆவியாகும்போது பலகை குளிரும், காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளையாகப் பூத்துவிடும். இன்னொன்று: ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

எந்தப் பூச்சும் ஈரத்தை முழுக்க நிறுத்தாது. வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆறு பக்கமும் ஒரே அளவில் பூசியிருந்தால் உள்ளே போவதும் வருவதும் மெதுவாக, சீராக நடக்கும். ஒரு பக்கம் விட்டுப்போனால் அங்கே கதவு திறந்துவைத்த மாதிரி.

தை பிறந்தது. ஆசாரி சொன்னபடியே பொங்கலுக்குப் பிறகு கதவு அலுங்காமல் திறந்தது. கூப்பிட்டேன், வந்தார். இந்த முறை முதலில் என் போனைக் கேட்டு வாங்கி, கேமராவைத் தரையோடு வைத்து, கதவின் அடி விளிம்பைப் படம் பிடித்தார். கதவுக்கு மேலே, மேல் விளிம்பையும் ஒன்று. திரையைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார். வெளி முகம் கண்ணாடி மாதிரி பளபளக்கிற கதவு, மேலேயும் கீழேயும் அறுத்த ரம்பத்தின் கோடு அப்படியே தெரிகிற வெறும் கட்டை. நெட்டுச் சட்டங்களின் வெட்டுமுகம் நாலும், நாலு வருடமாக ஒரு சொட்டுப் பூச்சு இல்லாமல். மாட்டிய பிறகு பாலிஷ் போட்டிருக்கிறார்கள். எட்டாத இடத்தை விட்டுவிட்டார்கள்.

கீலைக் கழற்றி, கதவைப் பெஞ்சில் கிடத்தி, இரண்டு விளிம்பையும் உப்புத்தாள் போட்டு மூன்று கை பி.யு. அடித்தார். வெட்டுமுகம் முதல் கையை அப்படியே உறிஞ்சிக்கொண்டது. இரண்டாவதும் பாதி போயிற்று. மூன்றாவதுதான் மேலே நின்றது. மறுநாள் மாட்டினார். ஓரத்தில் இழைப்புளியை வைத்து ஒரே ஒரு சீவு, மேல் மூலையில் மட்டும். விழுந்த சுருளை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "மரம் நல்ல மரம்தான் சார்" என்றார்.